சாகத் தவறிய மீன்கள்

சென்ற குளிர்காலத்தில் என் மீன்கள் ஏன் சாகவில்லை என்று ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரும்படி எனக்கு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் இரண்டு குளங்களின் குத்தகையும் ரத்தாகும் என்று கடைசி வரியில் போட்டிருந்தது. நான் மூன்று முறை படித்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் நீட்டினேன். அவள் ஒரே முறை படித்தாள்.

"இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள்.

இதுதான் அவர்கள் வேலை என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

கடிதம் எழுதியது நீர்வாழ் உயிரின நோயெதிர்ப்பாற்றல் மேம்பாட்டு உயர் நிறுவனம். பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் உங்கள் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் என்னைப்போல இன்னும் நாற்பது பேரும் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் குளங்கள் எல்லாம் அவர்களுக்குச் சொந்தம். ஆண்டுதோறும் குளிர் தொடங்கியதும் இந்தக் குளங்களில் செம்புண் நோய் வரும். முதலில் மீனின் வயிற்றோரம் சிவப்பாக ஒரு பொட்டு விழும். நாலாம் நாள் வால் அரிக்கும். எட்டாம் நாள் மிதக்கும். எத்தனை மிதக்கிறது என்று எண்ணிக்கொண்டு போக நிறுவனத்திலிருந்து ஆள் வருவார். நோய்க்கு எதிராக அவர்கள் செய்தது அந்த எண்ணிக்கை ஒன்றுதான். குறை சொல்லக்கூடாது, நன்றாகவே எண்ணுவார்கள்.

அதற்கு முந்தின குளிரில் என் இரண்டாவது குளம் முழுசாகப் போய்விட்டது. மூவாயிரம் மீன். நாங்கள் இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று நாலு நாள் வலையால் அள்ளிச் சாக்குச் சாக்காகக் கட்டினோம். அந்த நாலு நாளும் என் வீட்டுக்காரி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது, சேறு தெறித்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். ஐந்தாம் நாள் காலையில் அவள் திடீரென்று வாய் திறந்தாள்.

"கோழிப் பண்ணையில வேலை பாத்தப்ப, குளிர் வரதுக்கு முன்னாடியே குஞ்சுங்களுக்கு பூண்டு கலந்து குடுப்போம். மீனுக்கு மட்டும் வயிறு இல்லையா என்ன?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பூண்டை நசுக்கி, அதில் மஞ்சள்தூளும் நிழலில் காயவைத்துப் பொடித்த கொய்யா இலையும் சேர்த்து, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் மாவுக் கஞ்சி விட்டு, கடையில் வாங்கும் பெல்லட் தீவனத்தோடு பிசறி உலர்த்திக் காலையும் மாலையும் போட்டோம். அளவு குறைந்தால் வேலை செய்யாது. கூடிவிட்டால் மீன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, மாமியார் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்த மருமகன் மாதிரி மரியாதையாக விலகிப் போய்விடும். கைக்குப் பிடிபட இரண்டு மாதம் ஆயிற்று. சென்ற குளிரில் சுற்றியிருந்த குளங்களிலெல்லாம் மிதந்தது. எங்கள் இரண்டு குளத்திலும் ஒன்றுகூட மிதக்கவில்லை. அந்தக் குற்றத்துக்குத்தான் கடிதம்.

மறுநாளே நிறுவனத்துக்குப் போனேன். வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் ஊதா நிறத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. கிருமி உள்ளே போகாமலிருக்க எல்லோரும் அதில் இறங்கித்தான் போக வேண்டுமாம். உள்ளே ஒரு மீன்கூடக் கிடையாது, கோப்புகள்தான் இருந்தன. நான் செருப்பைக் கழற்றப் போனேன்.

"செருப்போட இறங்குங்க," என்றார் காவலாளி. "இங்க கழட்டி வச்சீங்கன்னா அதுல இருக்கற கிருமி எப்படி சாகும்?"

சொல்லிவிட்டு அவர் இரண்டு முறை தும்மினார். உள்ளே போனால் ஈரக் காலோடு வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். நோயெதிர்ப்பாற்றல் பிரிவின் தலைவர் காய்ச்சலால் விடுப்பு என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தாள் பழுத்துப்போயிருந்தது.

இயக்குநர் மட்டும் உலர்ந்த காலோடு இருந்தார். அவருக்குப் பின்பக்கம் தனி வாசல்.

"நீங்கதான் அந்த சாகாத குளத்துக்காரரா?"

"ஆமாங்கய்யா."

"உக்காருங்க. உங்களால எனக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா? ஆண்டறிக்கையில நாப்பது சதவீதம் சாவுன்னு அச்சடிச்சு, பளபளன்னு அட்டை போட்டு மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டோம். நம்ம நிறுவனம் எதுலயும் தாமதம் பண்ணாது. கடைசியில கூட்டிப் பாத்தா முப்பத்தெட்டுதான் வருது. அந்த ரெண்டு சதவீதம் எங்கன்னு மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"உயிரோட இருக்குன்னு சொல்லுங்கய்யா."

"அதத்தான் எழுத்துல கேட்டிருக்கோம். என்ன போட்டீங்க?"

"பூண்டு."

அவர் கையை உயர்த்தினார். "அந்த வார்த்தை இங்க வேண்டாம். தாவரவழி நோயெதிர்ப்புத் தூண்டின்னு சொல்லணும்."

"சரிங்கய்யா. அப்புறம் மஞ்சள்."

"தாவரவழி நோயெதிர்ப்புத் தூண்டி இரண்டு."

"கொய்யா இலை மூணுங்களா?"

"இலைக்குத் தனிப் பிரிவு. அவங்க மாடியில."

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்கு அறிவியலை விளக்கினார்.

"இங்க பதினேழு வருஷமா இதே ஆராய்ச்சிதான் நடக்குது. முப்பத்தாறு வகை செடிகள சோதிச்சிருக்கோம். ஒரு மீனக்கூட நாங்க பிழைக்க வச்சதில்ல. ஏன்? அவசரப்படல. பிழைக்க வைக்கறது யாராலயும் முடியும், உங்களாலயே முடிஞ்சிருக்கே! எதனால பிழைச்சதுன்னு தெரியாம ஒரு மீன் பிழைக்கறது அறிவியலுக்குப் பெரிய அவமானம். செத்த மீன்கிட்ட அந்தத் தொந்தரவு கிடையாது. அது எதையும் நிரூபிக்கறேன்னு வந்து நிக்காது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன்.

"முறைப்படி ஒரு சோதனை. இந்தக் குளிருக்கு ஒரு குளத்துல தூண்டி போடுங்க. அது சோதனைக் குளம். இன்னொண்ணுல போடாதீங்க. அது ஒப்பீட்டுக் குளம். போட்டது பிழைச்சு, போடாதது செத்துட்டா உங்களுக்கு அனுமதி. இல்லன்னா தடை."

"ரெண்டாவதுல மூவாயிரம் மீன் இருக்குங்கய்யா."

"நல்ல எண்ணிக்கை. சதவீதம் சுத்தமா வரும்."

"குத்தகைக்கு விடாம நீங்களே வச்சிருக்கற குளம் ஒண்ண ஒப்பீட்டுக்கு வச்சுக்கக்கூடாதுங்களா?"

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "எங்க குளத்துல மீன் இருந்தா நாங்க ஏன் உங்ககிட்ட வரோம்?"

ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு குளமும் போகும், ஒப்புக்கொண்டால் ஒன்றாவது மிஞ்சும். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். சோதனையைப் பற்றிச் சொன்னேன்.

"எந்தக் குளம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டாவது."

"அது என்ன பாவம் பண்ணிச்சு? போன தடவையும் அதுதான்."

நான் என்னென்னவோ சமாதானம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவன் நான். அவள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று நினைத்திருக்கக்கூடாது.

அடுத்த வாரம் நிறுவனத்தார் வண்டியில் வந்து இரண்டு குளத்தின் கரையிலும் ஆளுயர இரும்புப் பலகை ஒன்றை நட்டார்கள். மேலே நிறுவனத்தின் பெயர், கீழே சின்னம். சின்னத்தில் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது. நிறுவனம் தொடங்கியபோது வாசலில் சின்னத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்களாம், திறப்பு விழாவில் அதைப் பெரிய மனிதர் ஒருவர் பாராட்டிவிட்டதால் அப்படியே ஏற்றுக்கொண்டார்களாம். இதை எனக்குச் சொன்னது தினமும் காலையில் சாவை எண்ண வந்த உதவி விஞ்ஞானி. சின்னப் பெண், ஒல்லியாக இருந்தாள். எண்ண ஒன்றும் இல்லாததால் முதல் நாளே என்னோடு பேச அவளுக்கு நேரம் கிடைத்தது.

"இந்தப் படிவத்துல சாவு எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு சார். ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. சைபர் எழுதினா திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள்.

"அப்ப என்ன எழுதுவீங்க?"

அவள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, 'நாளை' என்று எழுதும்படி உத்தரவு வந்தது. எழுதினாள். மறுநாளும் 'நாளை' என்று எழுதினாள்.

இதற்கிடையே இரண்டாவது குளத்தின் கரையில் ஒரு குழி வெட்டினார்கள். ஒப்பீட்டுக் குளத்தின் மீன்களைப் புதைப்பதற்கு. பத்தடி நீளம், ஆறடி ஆழம், அடியில் சுண்ணாம்பு தூவி அழகாக இருந்தது. மீன் சாவதற்கு முன்பே திறப்பு விழாவும் வைத்தார்கள். இயக்குநர் நாடாவை வெட்டினார். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், பறிகொடுக்கப் போகிறவன் என்ற மரியாதைதான் காரணமாக இருக்கும்.

"நண்பர்களே," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "முன்னெல்லாம் மீன் செத்தப்புறம்தான் நாம குழி வெட்டுவோம். நாத்தம் பொறுக்காம ஜனங்க நம்மள திட்டுவாங்க. இன்னிக்கு குழி தயாரா இருக்கு, மீனுக்காகத்தான் காத்திருக்கோம். இந்த நிறுவனம் வளரலன்னு சொல்றவங்க ஒரு தடவ இந்தக் குழிய எட்டிப் பாக்கணும்."

எல்லோரும் வரிசையாகப் போய் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரி பார்க்கவில்லை. குளத்தின் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

குளிர் இறங்கிப் பத்தாவது நாள் கிழக்குக் குளத்தில் முதல் மீன் மிதந்தது. அந்தக் குளத்துக்காரர் எனக்கு அடுத்த கரை, என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். பிறகு ஒவ்வொரு குளமாகத் தொற்றியது. என் சோதனைக் குளத்தில் ஒரு பொட்டும் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். ஒப்பீட்டுக் குளத்தில் தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். அங்கேயும் ஒன்றும் மிதக்கவில்லை. பதினைந்தாம் நாளும் மிதக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் காலை உதவி விஞ்ஞானியோடு முதல் குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மீனை எடை பார்க்க, இரண்டாவது குளத்தருகே வைத்திருந்த தராசை எடுக்க நான் மட்டும் திரும்பி வந்தேன். இரண்டாவது குளத்துக் கரையில், பலகையின் மறைவில் குந்திக்கொண்டு, என் வீட்டுக்காரி மடியிலிருந்து தீவனத்தை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள். மஞ்சள் மஞ்சளாக இருந்தது. பூண்டு வாடை காற்றில் தூக்கியடித்தது.

"அடிப்பாவி! என்ன காரியம்டி பண்ற?"

அவள் அசரவில்லை. "அந்தக் குளத்துக்குப் போட்டுட்டு இதுக்குப் போடாம எப்படிங்க இருக்கறது? நான் கரையில நடந்தாலே கூடவே வருதுங்க. வாயத் தொறந்துக்கிட்டு நிக்குதுங்க. ரெண்டு பிள்ளைய உக்கார வச்சு ஒண்ணுக்கு மட்டும் சோறு போடச் சொல்றீங்களா?"

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மொத நாள்லேர்ந்து."

"ரெண்டும் பிழைச்சா தூண்டி வேலை செய்யலன்னு ஆயிடும்டி! தடை போட்டுடுவாங்க!"

"மீன் பிழைச்சா, மீன் பிழைக்கலன்னு ஆயிடுமா? என்ன பேச்சுங்க இது? அங்க போயி வந்ததுலேர்ந்து உங்களுக்கும் ஏதோ ஆயிடுச்சு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தண்ணீரில் பார்த்தேன். கரையோரம் முழுக்க வட்ட வட்டமாக வாய்கள். எப்படிச் சொல்வது? தராசை எடுத்துக்கொண்டு திரும்பினால் உதவி விஞ்ஞானி எனக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

"கையெல்லாம் மஞ்சளா இருக்கு அக்கா. இன்னிக்கு இயக்குநர் வராரு, கழுவிடுங்க," என்றாள். பிறகு படிவத்தை எடுத்து 'நாளை' என்று எழுதினாள்.

இயக்குநர் வந்து முதலில் குளத்தைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தார். குழி காலியாக இருந்தது. திறந்து வைத்த குழியை இருபத்தொரு நாளுக்குள் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமாம். அந்த நேரம் பார்த்துக் கிழக்குக் குளத்துக்காரர் செத்த மீன் நாலு சாக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"ஐயா, இதுல கொட்டிக்கட்டுமா? எங்க பக்கம் தோண்டறதுக்கு ஆள் கிடைக்கல," என்று கேட்டார்.

இயக்குநர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது ஒப்பீட்டுக் குளத்து மீனுக்கான குழி. உங்க மீன் ஒப்பீட்டுல சேராது. வெறுமனே செத்திருக்கு."

அவர் சுண்ணாம்பு போட்ட அந்தச் சுத்தமான குழியைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக இயக்குநரை அதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி, குத்தகைக்காரனுக்கு அதற்கு மேல் என்ன முடியும்?

சோதனை முடிந்த அன்று நிறுவனத்தில் முடிவு அறிவிப்பு. நாற்பத்தொரு குத்தகைக்காரர்களையும் பெரிய கூடத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முன்பு என்னையும் என் வீட்டுக்காரியையும் சோதனைக் குழுவின் அறைக்குள் கூப்பிட்டார்கள். இயக்குநர், குழு உறுப்பினர்கள் மூன்று பேர், ஓரத்தில் உதவி விஞ்ஞானி.

"சோதனைக் குளத்தில் சாவு இல்லை. ஒப்பீட்டுக் குளத்திலும் சாவு இல்லை," என்று இயக்குநர் தாளைப் பார்த்துப் படித்தார். "போட்டாலும் பிழைக்கிறது, போடாவிட்டாலும் பிழைக்கிறது. ஆகவே தூண்டியால் பயன் இல்லை. ஆகவே இன்று முதல் தடை."

என் பக்கத்தில் என் வீட்டுக்காரி எழுந்தேவிட்டாள். அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன். உண்மையைச் சொன்னால் ஒப்பந்தத்தை மீறியதாகக் குத்தகை போகும். சொல்லாவிட்டால் அடுத்த குளிரில் மீன் போகும். இரண்டு பக்கமும் குழி வெட்டி வைத்திருந்தார்கள்.

அப்போது குழு உறுப்பினர்களில் ஒருவர் தும்மிவிட்டுக் கேட்டார். "சார், அப்ப ரெண்டும் எதனாலதான் பிழைச்சுது? மத்த குளமெல்லாம் செத்திருக்கே?"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினேழு வருஷத்தில் அந்த அறையில் யாரும் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார்.

"தண்ணி எல்லாருக்கும் ஒரே வாய்க்கால். குஞ்சும் ஒரே பண்ணை. இந்த ரெண்டு குளத்துல மட்டும் இருக்கறது, வேற எங்கயும் இல்லாதது என்ன?" அவர் கண்கள் மெல்லத் திறந்தன. "நம்ம பலகை!"

யாரும் சிரிக்கவில்லை. சென்ற குளிரில் பலகையே இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நான் நன்றாகக் கவனித்தேன். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார்.

"நிறுவனத்தோட பெயர் மீனோட கண்ணுல தினமும் படுது," என்றார் இயக்குநர். அவர் குரல் தழுதழுத்தது. "ஒரு ஒழுங்கு வருது. ஒரு பயம் வருது. நோய் அண்ட மாட்டேங்குது. நம்மகிட்டயே இருந்திருக்கு, நாம செடியில தேடிக்கிட்டிருந்திருக்கோம்!"

கூடத்தில் அவர் அரைமணி நேரம் பேசினார். மறுபக்கம் கிடங்கிலிருந்து நாற்பது பலகைகள் வந்து இறங்கின. அப்புறம் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, காதோரம் குனிந்தார். "பலகையாலதான்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. குத்தகைய புதுப்பிக்கற கோப்பு என் மேசையிலதான் இருக்கு."

மைக்கைப் பிடித்தேன். "பலகை வச்சாங்க. மீன் பிழைச்சுது," என்றேன். இரண்டும் நடந்ததுதான், பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைதட்டினார்கள். கீழே இறங்கி வரும்போது என் வீட்டுக்காரியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பலகை வாங்க வரிசை நின்றது. கிழக்குக் குளத்துக்காரர் தன் பலகையை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணே, பாதி மீன் போயிடுச்சு. மீதியில ஆயிரத்து இருநூறுக்கு இன்னும் பொட்டு விழல. நெஜமா சொல்லுங்க, இத நட்டா போதுமா?"

கைக்கெட்டும் தூரத்தில் இயக்குநர் நின்றிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். ஆம் என்றால் இந்த மனிதரின் ஆயிரத்து இருநூறும் போகும். இல்லை என்றால் என் இரண்டு குளமும் போகும். கிழக்குக் குளத்துக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செருமினேன். மறுபடியும் செருமினேன். வெட்கக்கேடு, ஆறடி ஆம்பிளைக்கு அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"நட்டா மட்டும் போதாதுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. "பலகைய பாத்துக்கணும். எங்க பலகைய நான்தான் தினமும் பாத்துக்கிட்டேன்."

இயக்குநர் சட்டென்று திரும்பினார். "பராமரிப்பா? அத நீங்க முன்னாடியே சொல்லலையே!"

"நீங்க கேக்கலையேங்கய்யா."

"என்ன பண்ணுவீங்க?"

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ பலகைக்குப் பக்கத்துல போயி நிக்கணும். சும்மா வெறுங்கையோட நிக்கக்கூடாது, மரியாதை இல்ல. பூண்ட நசுக்கி, மஞ்சத்தூள், கொய்யா இலைப் பொடி சேத்து, கஞ்சி விட்டு, பெல்லட்டுல பிசறி உலத்தி எடுத்துக்கிட்டுப் போகணும். பலகைக்கு முன்னாடி தண்ணியப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா வீசணும். ஒரு நாளும் விடக்கூடாது. விட்டா பலகை வேலை செய்யாது."

கூடம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. இயக்குநருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "எழுதுங்க, எழுதுங்க!" என்று உதவி விஞ்ஞானியை விரட்டினார். "பலகைப் பராமரிப்பு விதிகள். எல்லா குத்தகைக்காரருக்கும் கட்டாயம்."

அந்தப் பெண் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு, ஒரு சுழிப்பு, எதுவும் இல்லை. "ஒரு கிலோ பெல்லட்டுக்கு பூண்டு எவ்வளவு அக்கா? சரியான அளவு சொல்லுங்க, தப்பாயிடக்கூடாது," என்றாள்.

"இருபது கிராம் கண்ணு. அதுக்கு மேல போனா கிட்ட வராது."

"யாரு கிட்ட வராது?" என்றார் இயக்குநர்.

"பலகையோட பலன், சார்," என்றாள் உதவி விஞ்ஞானி, எழுதுவதை நிறுத்தாமல்.

"பூண்டுன்னு எழுதாத. தாவரவழி நோயெதிர்ப்புத் தூண்டி."

"அதுக்கு இப்பத்தான் தடை போட்டிருக்கோம் சார். பூண்டுன்னா தடை இல்ல."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆனால் தும்முகிற அந்தக் குழு உறுப்பினர் இருக்கிறாரே, அவருக்கு அன்றைக்கு இரண்டாவது கேள்வியும் வந்துவிட்டது.

"சார், தண்ணியில வீசினா மீன் தின்னுடுமே? மீனுக்குப் போடத்தானே தடை?"

நாற்பத்தொரு பேரும் மூச்சை அடக்கினோம். இயக்குநர் என் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நாங்க பலகைக்குத்தாங்கய்யா போடறோம். சிந்தறத அதுங்க பொறுக்கித் தின்னா, அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

"நியாயம்," என்றார் இயக்குநர். சிந்துவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று கடைசி விதியாகச் சேர்க்கச் சொன்னார். உதவி விஞ்ஞானி சேர்த்தாள். அங்கேயே முத்திரை குத்தினார்கள்.

கிழக்குக் குளத்துக்காரர் மை காயும்வரை நிற்கவில்லை. முத்திரை விழுந்ததுமே பலகையைக் கீழே போட்டுவிட்டுப் பூண்டு வாங்க வாசலைப் பார்த்து ஓட்டமெடுத்தார். "பலகை இல்லாம பூண்டு போட்டா குத்தகை ரத்து!" என்று மேடையிலிருந்து யாரோ கத்தினார்கள். பாதி வழியில் திரும்பி வந்தார், அந்த இரும்பைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார், மறுபடியும் ஓடினார்.